பலகையின் மறுமுனை

லேண்டர் ஊரில் யார் டிரெய்லர் வாங்கினாலும் முதலில் அதை ராய்ஸ் ஹாக்லண்டின் வாசலுக்குத்தான் இழுத்துக்கொண்டு வருவார்கள். அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. வராதவர்களை அவர் விடுவதுமில்லை. மளிகைக் கடையில் நாலு பேர் முன்னால், "நாக்கை அளந்தியா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார். டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புச் சட்டத்துக்கு அந்தப் பக்கத்தில் நாக்கு என்று பெயர். அந்த நாக்கு, இழுக்கிற வண்டியின் பின்புறத்தை எவ்வளவு எடையோடு அழுத்துகிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது என்பது ராய்ஸின் கட்சி. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்தால், முன்னால் போகிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் ஓயும். வேட்டைக்காரர்களின் குதிரைகளை மலைக்கு இழுத்துப் போவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர் அவர். ஒரு தடவை வேறொருவன் ஓட்டிய குதிரை டிரெய்லர் அப்படிக் கவிழ்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். உள்ளேயிருந்து வந்த குதிரைகளின் சத்தத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அதற்குப் பதிலாக ஊரில் எல்லோருடைய நாக்கையும் அளந்தார்.

பெரிய கருவி ஒன்றும் கிடையாது. குளியலறையில் ஏறி நின்று பார்க்கிற எடை மெஷின் ஒன்று, தடித்த பலகை ஒன்று, அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டை. அவ்வளவுதான். நாக்கின் முழு எடையையும் அதன் தலையில் வைத்தால் மெஷின் நசுங்கிப் போகும். அதனால் பலகையின் ஒரு முனையைக் கட்டையின் மேலும் மறுமுனையை மெஷினின் மேலும் வைப்பார். கட்டையிலிருந்து ஓரடி, மெஷினிலிருந்து இரண்டடி. அந்த இடத்தில், டிரெய்லரின் நாக்கைத் தாங்கி நிற்கிற ஜாக்கியை இறக்கினால் மெஷின் மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். மூன்றால் பெருக்கினால் உண்மையான எடை. ஜாக்கி இறங்க வேண்டிய இடத்தில் பலகைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். கையால் தூக்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்கிறவர்களைக் கண்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உன் கை என்ன அரசாங்க முத்திரை குத்தின கையா?" என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் சொந்த மகளின் டிரெய்லரை அளந்த அழகைச் சொல்கிறேன்.

மார்னி அன்று காலை ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கோல்பிக்கு இல்லினாயில் ஓர் ஆஸ்பத்திரியில் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. வேலை பார்த்த சுரங்கம் மூடியதிலிருந்து அவன் இங்கே வேலி அடிக்கவும் பனி வாரவும் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தான். இரண்டு வயது டில்லியைப் பின்சீட்டில் கட்டி உட்கார வைத்தாயிற்று. வீட்டுச் சாமானெல்லாம் வெள்ளை டிரெய்லருக்குள் ஏறிவிட்டது. கடைசியாக ஏறியது ஃப்ரீசர். போன இலையுதிர் காலத்தில் மார்னி சுட்ட எல்க் மான் முழுவதும் அதற்குள் பொட்டலம் பொட்டலமாக உறைந்து கிடந்தது. நாலு ஆள் தூக்குகிற கனம். அதைப் பின்கதவை ஒட்டி வைத்திருந்தார்கள்.

"அதை ஏன்டி கடைசியில வெச்சே?" என்றார் ராய்ஸ். "முன்னால தள்ளு."

"ராத்திரி மோட்டல்ல கரண்ட் குடுக்கணும்பா. கதவுகிட்ட இருந்தாத்தான் ஒயர் எட்டும். சும்மா விட்டா அவ்வளவு கறியும் நாறிடும்."

"இல்லினாய்ல கறியே கிடைக்காதா?"

"கிடைக்கும். நான் சுட்ட எல்க் கிடைக்காது."

அவள் சுட்ட அன்று பக்கத்தில் படுத்திருந்து காற்றின் திசையைச் சொன்னவர் அவர்தான். பதில் இல்லாதபோது மனிதர்கள் வேறெங்காவது போய்க் குத்துவார்கள். ராய்ஸும் குத்தினார்.

"அங்க என்ன இருக்கு? தட்டு மாதிரி தரை. திரும்பின பக்கமெல்லாம் சோளம். ஒரு மலை உண்டா?"

"வேலை இருக்குப்பா. கோல்பிக்கு இங்க அது இல்ல."

"அவனுக்கு இல்லேன்னா அவன் போகட்டுமே."

கோல்பி நாலடி தள்ளி நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மார்னியின் முகம் சிவந்தது. "அப்பா, அளந்து குடுத்துட்டுப் பேசாம இருங்க" என்றாள்.

ராய்ஸ் கொட்டகைக்குப் போய்ப் பலகையைத் தூக்கி வந்தார். வழக்கமாக டிரெய்லர்கள் அவர் வாசலில் தெருவைப் பார்த்து நிற்கும். கோல்பி நேற்று இரவே அதை வீட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருந்தான். மெஷினுக்குச் சமதரை வேண்டும், அதனால் அதை எப்போதும் போலச் சிமென்ட் தரையில் வைத்தார். கட்டையைச் சரளைக்கல்லில் போட்டார். பலகையை இரண்டின் மேலும் வீசியது மாதிரி வைத்தார். ஜாக்கியைச் சரியாகச் சிவப்புக் கோட்டின் மேல் இறக்கினார். மகளின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மெஷினின் எண்ணை மட்டும் பார்த்தார். இருநூற்று இருபது.

"மூணால பெருக்கு. அறுநூத்தி அறுபது" என்றார். முந்தின நாள் ஃப்ரீசர் உட்பட எல்லாம் ஏற்றிய பிறகு, சரளைக்கல் குவாரியின் எடை மேடையில் டிரெய்லர் ஐயாயிரம் பவுண்டு காட்டியிருந்தது. "சரியாத்தான் இருக்கு. போறவங்க போகலாம்."

டிரெய்லரைக் காரில் மாட்டிய பிறகு கோல்பி குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். "வண்டி பின்னால கொஞ்சம்கூட அமுங்கலையே, ராய்ஸ்."

"எத்தனை டிரெய்லர் இழுத்திருக்கே நீ?"

"அப்பா அளந்தாச்சு, விடு" என்றாள் மார்னி.

நீல நிறக் கார் நகர்ந்தது. டில்லி கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள். ராய்ஸின் கைகள் பாக்கெட்டிலேயே இருந்தன.

அதன்பிறகு அவர் சமையலறையில் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தார். கோபம் தீருகிறவரை வெளியே போவதில்லை என்று இருந்தார். கோபம் லேசில் தீருகிற ஜாதி இல்லை. வெளியே காற்று எழுந்து கொட்டகையின் தகரத்தைத் தட்ட ஆரம்பித்த பிறகுதான், பலகை வெளியில் கிடக்கிறதே என்ற நினைப்பு வந்தது.

போனார். சிமென்ட் தரையில் மெஷின். சரளைக்கல்லில் கட்டை. இரண்டின் மேலும் பலகை, அவர் வீசியது வீசியபடி. ஜாக்கியின் அடித்தட்டு பதிந்த வட்டத் தழும்பு சிவப்புக் கோட்டின் மேல் புதிதாகத் தெரிந்தது. குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சிவப்புக் கோடு மெஷினை ஒட்டி இருந்தது. கட்டையை ஒட்டி இருக்க வேண்டிய கோடு.

டிரெய்லர் திரும்பி நின்றதால் அவரும் எதிர்ப்பக்கம் நின்று, கைப்பழக்கத்தில் பலகையைத் திருப்பிப் போட்டிருக்கிறார். மெஷின் காட்டியது மூன்றில் ஒரு பங்கு அல்ல, மூன்றில் இரண்டு பங்கு. அறுநூற்று அறுபது அல்ல. முந்நூற்று முப்பது. ஐயாயிரம் பவுண்டு டிரெய்லருக்கு முந்நூற்று முப்பது. பின்கதவில் ஃப்ரீசர். மேலே ஏறினால் சமவெளியில் இந்தக் காற்று. பின்சீட்டில் டில்லி. வண்டி அமுங்கவில்லை என்று அந்தப் பையன் சொன்னானே! அறுநூற்று அறுபது பவுண்டு உட்கார்ந்தால் எந்த வண்டியும் அமுங்கும். யார் வந்து அப்படிச் சொன்னாலும் மாட்டியதைக் கழற்றி மறுபடி அளக்கிறவர்தான் அவர். இன்றைக்குச் சொன்னவன் கோல்பியாகப் போய்விட்டான்.

மார்னிக்குப் போன் போட்டார். மணியே அடிக்கவில்லை. கோல்பிக்குப் போட்டார். அதுவும் இல்லை. அவர்கள் போகிற சாலையில் பீவர் ரிம் மேட்டைத் தாண்டிவிட்டால் மடி கேப் வரைக்கும் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அடுத்தது ஷெரீப் அலுவலகம். அங்கே போனை எடுப்பவள் நடீன். ராய்ஸ் ஹாக்லண்ட் நாக்கை அளந்ததில் கோட்டை விட்டார் என்று மத்தியானத்துக்குள் ஊரே சிரிக்கும். அந்த நினைப்பில் அவர் விரல் ஒரு கணம் நின்றது. பேத்தி அந்த வண்டியில் இருக்கும்போது நின்றது. தப்பாக அளந்ததற்காவது ஒருநாள் தன்னை மன்னிப்பாரோ என்னவோ, அந்த ஒரு கணத்துக்காக மன்னிக்க மாட்டார்.

"நடீன், என் பொண்ணு வண்டியை எப்படியாவது நிறுத்தணும். நான் டிரெய்லரைத் தப்பா அளந்துட்டேன்."

"நீங்களா?" என்றாள் நடீன். உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "ராலின்ஸுக்கு அந்தப் பக்கம் காத்துல லாரி ஒண்ணு சாஞ்சு கிடக்கு, ராய்ஸ். ரோந்து வண்டியெல்லாம் அங்கதான் இருக்கு. நான் சொல்லிடறேன். வர நேரமாகும்."

அவர் காத்திருக்கவில்லை. பலகையையும் கட்டையையும் மெஷினையும் தன் பிக்கப் வண்டியின் பின்னால் எறிந்துவிட்டுக் கிளம்பினார்.

பீவர் ரிம் மேட்டில் ஏறும்வரை காற்று மலைக்குப் பின்னால் இருந்தது. ஏறியதும் பக்கவாட்டில் வந்து அறைந்தது. டிரெய்லர் இல்லாத பிக்கப்பே ஒதுங்கியது. எதிரே வந்த லாரி ஒவ்வொன்றும் தாண்டும்போது வண்டியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனது. ஒவ்வொரு தள்ளுக்கும் அவர் கண் முன்னால் வெள்ளை டிரெய்லர் ஆடியது. ஒவ்வொரு வளைவிலும் முதலில் சாலையோரப் பள்ளத்தைத்தான் பார்த்தார். பள்ளத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். பாதி இடத்தில் அது பழைய பனித்திட்டு.

ஓரிடத்தில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்து, வண்டிகளை மாற்றி மாற்றி விட்டார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண், நீளக் கம்பில் 'நில்' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

"அம்மா, நீல வண்டி ஒண்ணு, வெள்ளை டிரெய்லரை இழுத்துக்கிட்டுப் போச்சா?"

"போகாம என்ன? நாய் வாலை ஆட்டற மாதிரி ஆட்டிக்கிட்டு வந்துச்சே, அதானே? இந்த இடத்தை விட்டு வேகம் எடுத்தப்ப மூடி வெச்ச பக்கத்துக்கே போயிட்டு வந்துச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன், பெரியவரே." அவள் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "உள்ள சின்னக் குழந்தை வேற. எந்த முட்டாள் அதை ஏத்திவிட்டானோ, அவனைக் கட்டிவெச்சு உதைக்கணும்."

ராய்ஸ் அவள் இடுப்பில் இருந்த ரேடியோவைக் காட்டினார். "ரேடியோல அந்த முனைக்குச் சொல்லுங்க. நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

அவள் ரேடியோவில் பேசினாள். கரகரவென்று பதில் வந்தது. "அவங்க தாண்டிப் போயாச்சாம்."

"அப்ப என்னை விடுங்க."

"எதிர்ல வரிசை வந்துக்கிட்டிருக்கு. உங்களை விட்டா நடுவுல முட்டிக்கிட்டு நிப்பீங்க."

"அது என் பொண்ணு, அம்மா."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி ரேடியோவை எடுத்து, "அடுத்த வண்டியோட நிறுத்து. ஒருத்தரை அனுப்பறேன். ஏன் எதுக்குன்னு கேக்காதே" என்றாள். எதிர்வரிசையின் கடைசி வண்டி தாண்டியதும் கம்பைத் திருப்பினாள். "போங்க. பறக்காதீங்க. உங்களையும் பொறுக்கி எடுக்க எனக்குத் தெம்பு கிடையாது."

அவர் பறந்தார்.

ஜெஃப்ரி சிட்டியைத் தாண்டி, நேராகக் கிடந்த சாலையில் கறுப்புத் தடம் தெரிந்தது. நான்கு சக்கரங்களின் தடம், நடுவில் இருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், வளைந்து திரும்பி, மறுபடி தாண்டி, கடைசியில் தன் பக்கத்துக்கே வந்து முடிந்திருந்தது. பள்ளத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்றும் இல்லை. கடவுளோடு பேசிப் பழக்கமில்லாத மனிதர், வண்டிக்குள் உரக்கவே பேசினார். இல்லினாய் என்ன, சீனாவுக்கே போகட்டும். வருஷத்துக்கு ஒரு தடவைகூட வர வேண்டாம். போய்ச் சேர்ந்தால் போதும். மடி கேப் வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனார்.

மடி கேப் பெட்ரோல் நிலையத்தில் நீலக் கார் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வெள்ளை டிரெய்லர். ராய்ஸ் வண்டிக் கதவைச் சாத்தாமலே அதை நோக்கிப் போனார். மார்னி திறந்த கதவோரம் குந்தி டில்லியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோல்பி பம்புக்கும் வண்டிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

"அப்பா? என்னப்பா, எதையாவது விட்டுட்டு வந்துட்டோமா?"

அவர் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "யாரு ஓட்டினது?" என்றார்.

"நான்தான். காத்துல வண்டி நிக்கவே மாட்டேங்குது. இவ வாந்தி எடுத்துட்டா."

"காத்து இல்லடி."

"என்னது?"

"காத்து இல்ல. நான் தப்பா அளந்துட்டேன். பலகையை மாத்திப் போட்டுட்டேன். அறுநூத்தி அறுபது இல்ல. அதுல பாதிதான்."

மார்னி துடைத்துக்கொண்டிருந்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தாள். கோல்பியின் நடை நின்றது. இதுவரை மாமனாரிடம் ஒரு சொல் உரத்துப் பேசியறியாத பையன் அவன்.

"நான் கத்தினேன்" என்றான். "ஜெஃப்ரி சிட்டியில வண்டியை நிறுத்தி, ஃப்ரீசரை முன்னால தள்ளிடலாம்னு கெஞ்சினேன். அப்ப நான்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். உங்க பொண்ணு என்ன சொன்னா தெரியுமா, ராய்ஸ்? 'அப்பா அளந்திருக்காரு. டிரெய்லர்ல ஒண்ணுமில்ல. உனக்குத்தான் ஓட்டத் தெரியல, தள்ளு'ன்னு என்னை இறக்கிவிட்டுட்டு அவ உக்காந்தா. கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். எதிர்ல எண்ணெய் லாரி. அதோட சக்கரத்துல எத்தனை போல்ட்டுன்னு நான் சொல்லிடுவேன். அவ்வளவு கிட்டக்கப் பாத்தேன்."

ராய்ஸை அவன் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. டிரெய்லர் ஆடுகிறது என்று மார்னிக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து டிரெய்லர் இழுக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தன் கை சொன்னதை அவள் நம்பவில்லை. புருஷன் சொன்னதையும் நம்பவில்லை. அவர் சொன்ன எண்ணை நம்பி, குழந்தையோடு, எண்ணெய் லாரிக்கு எதிரே போயிருக்கிறாள்.

"அப்பா" என்றாள் மார்னி. குரல் தாழ்ந்திருந்தது. "வேணும்னே செஞ்சீங்களா? நான் பயந்து திரும்பி வந்துடணும்னு?"

"மார்னி!" என்றான் கோல்பி.

"இரு. அவரு சொல்லட்டும்."

இல்லை என்று சொல்லத்தான் ராய்ஸ் வாயைத் திறந்தார். இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் அது முழுப் பொய் மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

"வேணும்னு செய்யல" என்றார். "நான் குதிரைங்களைப் பாத்தவன். எதிரிக்கும் அதைச் செய்ய மாட்டேன். ஆனா நீ போறது எனக்குப் பிடிக்கல. அந்தக் கோபத்துல பலகையைத் தூக்கி எறிஞ்சேன். உன் மூஞ்சியைப் பாக்கக்கூடாதுன்னு எதையுமே சரியாப் பாக்கல. வண்டி அமுங்கலைன்னு இவன் சொன்னான். சரியாத்தான் சொன்னான். சொன்னவன் இவன்கறதுக்காகவே நான் வாயை அடைச்சேன்."

கோல்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மார்னி "பின்கதவைத் திற" என்று மட்டும் சொன்னாள், அதுவும் கோல்பியிடம்.

ஃப்ரீசரை முன்னால் தள்ள வேண்டுமானால் மற்ற சாமானையெல்லாம் அந்தக் காற்றில் இறக்க வேண்டும். மெத்தை பறந்துவிடும். அதனால் ஃப்ரீசரையே இறக்கி ராய்ஸின் பிக்கப்பில் ஏற்றிவிடுவது என்று ஆயிற்று. கனம் குறைய முதலில் கறிப் பொட்டலங்களை வெளியே எடுத்தார்கள். வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்கள், ஒவ்வொன்றின் மேலும் மார்னியின் எழுத்து. தொடை. முதுகு. கொத்துக்கறி. கோல்பி எடுத்துக் கொடுக்க, மார்னி வாங்கி ராய்ஸிடம் கொடுத்தாள். அவர் கைக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறெங்கோ பார்த்தாள். எண்ணெய் வயல் ஆட்கள் இரண்டு பேர் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்கள்.

"என்ன பெரியவரே, கறிக்கடை தொறக்கறீங்களா?"

"வேடிக்கை பாக்கறதுக்குக் கறி கிடையாது. ஒரு கை பிடிச்சா உண்டு" என்றார் ராய்ஸ்.

அவர்கள் கை கொடுத்தார்கள். காலி ஃப்ரீசர் பிக்கப்பில் ஏறியது, பொட்டலங்கள் மறுபடி அதற்குள் போயின. போகும்போது ஆளுக்கொரு முதுகுக்கறியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

அளக்க வேண்டியதுதான் பாக்கி. ராய்ஸ் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். மார்னி அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். பிடுங்கினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கொடுக்கிறவரை காத்திருக்கவுமில்லை. பெட்ரோல் நிலையத்துச் சிமென்ட்டில் மெஷினை வைத்தாள், கட்டையை வைத்தாள். சிவப்புக் கோட்டைக் கட்டையின் பக்கம் வருகிற மாதிரி பலகையைப் போட்டாள். அப்புறமும் நம்பாமல் கோல்பியிடம் டேப் வாங்கி ஓரடி, இரண்டடி என்று அளந்தாள். ஜாக்கியை இறக்கினாள்.

"நூத்தி எழுபத்திரண்டு" என்றாள்.

"மூணால..." என்று ஆரம்பித்த ராய்ஸ் வாயை மூடிக்கொண்டார்.

"ஐநூத்திப் பதினாறு. ஃப்ரீசர் போக டிரெய்லர் நாலாயிரத்து அறுநூறு இருக்கும். பத்துல ஒரு பங்குக்கு மேலயே இருக்கு" என்றான் கோல்பி.

"இரு."

அவள் ஜாக்கியை ஏற்றினாள். பலகையை எடுத்து முனையோடு முனை திருப்பினாள். காலையில் ராய்ஸ் எப்படிப் போட்டாரோ அப்படியே, சிவப்புக் கோடு மெஷினை ஒட்டி வருகிற மாதிரி போட்டாள். மறுபடி இறக்கினாள். முந்நூற்று நாற்பத்து நான்கு. இது மூன்றில் இரண்டு பங்கு. அதில் பாதியை அதோடு கூட்டினாள், உதடு அசைய. அதே ஐநூற்றுப் பதினாறு வந்தது.

"ரெண்டும் ஒத்துப்போகுது" என்றாள். "இப்பப் போகலாம்."

இத்தனை வருஷத்தில் ராய்ஸுக்கு இப்படித் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கத் தோன்றியதேயில்லை. அவர் அளந்ததை யார் சரிபார்ப்பார்கள்? இனி இவள் வாயிலிருந்து 'அப்பா அளந்தாச்சு' என்ற பேச்சு வராது என்று அவருக்குப் புரிந்தது. வராமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. அது புரிந்தபோதும் அழுகை வந்தது. காற்றின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிரெய்லரை மாட்டியதும் காரின் பின்புறம் அமுங்கி உட்கார்ந்தது. கோல்பி அதைப் பார்த்தான். ராய்ஸ் பார்ப்பதையும் பார்த்தான். ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்தான். மார்னி சாவியைக் கேட்கவில்லை.

"கறியை என்னடி பண்றது?" என்றார் ராய்ஸ்.

"நீங்களே வெச்சுக்கோங்க. கெட்டுப் போகாமப் பாத்துக்கோங்க."

"கிறிஸ்துமஸுக்கு நானே கொண்டு வரேன். நீ வர வேண்டாம். நான் வரேன்."

"அந்தத் தட்டு மாதிரி தரைக்கா?" என்றாள். அவள் சிரித்தாளா என்பது காற்றில் பறந்த முடியில் தெரியவில்லை. பிறகு கையை நீட்டினாள். "பலகையையும் மெஷினையும் குடுங்க. வழியில தெனமும் காலையில நானே அளந்துக்கறேன்."

கொடுத்தார். கட்டையையும் கொடுத்தார். முப்பது வருஷமாக அவர் கொட்டகையில் இருந்த சாமான், அவள் காலடியில் போய்ச் சேர்ந்தது. கார் நகர்ந்தபோது டில்லி கை ஆட்டவில்லை, தூங்கிவிட்டிருந்தாள். ராய்ஸ் ஆட்டினார். வெள்ளை டிரெய்லர் மேட்டில் ஏறி மறைகிற வரைக்கும், ஒரு கோடு பிசகாமல் காருக்குப் பின்னாலேயே போனது. மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது சாலை வேலை நடந்த இடத்தில் மறுபடி நிறுத்தினார்கள். இந்த முனையில் இப்போது அதே பெண் நின்றிருந்தாள், அதே ஆரஞ்சுச் சட்டை. வண்டியை அடையாளம் கண்டு கண்ணாடிப் பக்கம் வந்தாள்.

"பிடிச்சீங்களா, பெரியவரே?"

"பிடிச்சேன். நல்லா இருக்காங்க."

"அப்பாடா!" அவள் பிக்கப்பின் பின்னால் கட்டியிருந்த ஃப்ரீசரைப் பார்த்தாள். "இதையா பின்னால வெச்சிருந்தாங்க? இதோட சரியா இருக்குன்னு எவன் அனுப்பினான்?"

லேண்டரில் அத்தனை பேரின் மானத்தையும் வாங்கிய மனிதர் கண்ணாடியை முழுவதும் இறக்கினார், காற்றில் அவள் காதில் சரியாக விழ வேண்டும் என்பதற்காக.

"நான்தான்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. உதைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. எதிர்வரிசை முடியும்வரை அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். முடிந்ததும் கம்பைத் திருப்பி, 'மெதுவாக' என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினாள்.